முதல் எழுத்து யாருடையது

இந்தக் கதை நடந்தபோது நீங்களும் இல்லை, நானும் இல்லை. செங்கழனி என்றொரு நாடு மட்டும் இருந்தது. அந்த நாட்டில் அடலேறு என்றொரு ராஜா இருந்தார். ராஜாவுக்கு ஒரே மகன், பெயர் சேந்தன், வயது ஏழு.

தலைநகரில், ஆற்றங்கரை ஓரமாய், ஒரு பெரிய புன்னைமரம். அதன் நிழலில் சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். காலையில் மணலில் எழுத்து, வெயில் ஏறியதும் புளியங்கொட்டையை வைத்துக் கூட்டல் கழித்தல், பிறகு ஆளுக்கொரு கலயம் கூழ், சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து ஒரே கூச்சலாய் வாய்ப்பாடு. இதுதான் அன்றாடம்.

அந்தப் பள்ளிக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் யார் முதலில் வருகிறார்களோ, அவர்கள் கையில் வாத்தியார் ஒரு பலகையைக் கொடுப்பார். அவர்கள் மணலை நிரவி, அன்றைய முதல் எழுத்தைப் பெரிதாக எழுதவேண்டும். மற்றவர்கள் வந்த வரிசையில் உட்கார்ந்து, அதைப் பார்த்து எழுதுவார்கள். முதல் எழுத்து விழாமல் எவரும் மணலில் விரல் வைக்கக்கூடாது. பணக்காரர் வீட்டுப் பிள்ளையானாலும் சரி, பரம ஏழை வீட்டுப் பிள்ளையானாலும் சரி, வந்த வரிசைதான் வரிசை.

நமது சேந்தனும் அந்தப் பள்ளிக்கு வந்தான். எப்போது வந்தான் தெரியுமா? உச்சி வெயிலில் வந்தான். பாவம், அரண்மனை மெத்தை அவனை விட்டால்தானே! வாத்தியார் அவனைக் கடைசியில் உட்கார வைத்தார். அவன் வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தினான்.

ராஜாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. உடனே ஒரு கட்டளை போட்டார். "என்றைக்கும் இளவரசன்தான் முதல். அவன் வந்து முதல் எழுத்தைப் போடும்வரை ஒரு பிள்ளையும் பள்ளிக்குள் நுழையக்கூடாது."

வாத்தியார் அம்பலவாணர் நல்லவர்தான். ஆனால் பயந்த மனிதர். "ஆகட்டும் அரசே" என்று தலையாட்டினார். அந்தத் தலையை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சலாக வருகிறது.

அன்று முதல் முப்பது பிள்ளைகளும் வெயிலில் வெளியே நின்றார்கள். உச்சிப் பொழுதில் பல்லக்கு வரும். சேந்தன் கொட்டாவி விட்டபடி இறங்குவான். பெரிய மாணவன் ஒருவன் அவன் கையைப் பிடித்து எழுத்தை எழுத வைப்பான். "ஆகா!" என்பார் வாத்தியார். அதற்குள் கூழுக்கு நேரமாகிவிடும். இப்படியே ஆறு மாதம் ஓடியது. பிள்ளைகள் அகரத்தைத் தாண்டி ஆகாரத்துக்குப் போகவில்லை.

அந்த முப்பது பேரில் ஓடக்காரர் மகள் காத்தாயியும் ஒருத்தி. அக்கரையிலிருந்து அப்பாவின் முதல் ஓடத்தில் வருகிறவள். அவள் குடும்பத்தில் இதுவரை ஒருவரும் எழுத்தைக் கண்டதில்லை. எப்படியாவது எழுதப் படிக்கக் கற்றுவிட வேண்டும் என்பது அவள் ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை, வெறி.

ஒருநாள் காலை அவள் யாரையும் கேட்கவில்லை. உள்ளே போனாள். பலகையை எடுத்தாள், மணலை நிரவினாள், 'அ' என்று எழுதினாள். மற்ற பிள்ளைகள் முதலில் விழித்தார்கள், பிறகு ஒவ்வொருவராய் உள்ளே வந்து உட்கார்ந்து எழுதினார்கள்.

"அடிப்பாவி! என் தலை போயிரும்டி!" என்று அலறினார் வாத்தியார்.

முதல் நாள் அரண்மனைக் காவலன் ஒருவன் வந்தான். காலாலேயே எழுத்தை அழித்தான்.

"யார் எழுதினது?"

"முதல்ல வந்தவ எழுதினேன்" என்றாள் காத்தாயி. அவன் போனதும் மறுபடி எழுதினாள்.

இரண்டாம் நாள் அமைச்சர் வந்தார். அவர் அதட்டவில்லை, குழைந்தார். "கண்ணு, நீ இரண்டாவதா இருந்துக்கோ. அரண்மனையிலிருந்து தினமும் உனக்குப் பால்சோறு வரும்."

"பால்சோறு குடுங்கய்யா, சாப்பிடுறேன். அதுக்காக எழுதாம எப்படி இருக்கிறது?" என்றாள் அவள். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அமைச்சர் முகம் கறுத்துப் போய்த் திரும்பினார்.

மூன்றாம் நாள் ராஜாவே வந்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். காத்தாயியும் எழுந்தாள், ஆனால் பலகையைக் கீழே வைக்கவில்லை.

ராஜாவுக்குத் தாம் நியாயவான் என்ற பெயர் வேண்டும். ஜெயிக்கவும் வேண்டும். ஆகவே இப்படிச் சொன்னார்: "சரி, பழைய வழக்கப்படியே ஆகட்டும். நாளைக்கு யார் முதலில் வருகிறார்களோ, அவர்களுக்கே முதலிடம், என்றைக்கும். இளவரசன் முதலில் வந்தால் நீ இந்தப் பள்ளிப் பக்கமே தலைகாட்டக் கூடாது. சம்மதமா?"

காத்தாயி பலகையை இறுக்கிப் பிடித்தாள். பள்ளி போனால் அவளுக்கு எல்லாமே போனமாதிரி. இருந்தாலும் "சம்மதம் ராசா" என்றாள்.

மறுநாள் விடியலில் அவள் தன் கரையின் ஓடத்துறைக்கு வந்தாள். ஓடங்கள் எல்லாம் சங்கிலியால் கட்டிக் கிடந்தன. பக்கத்தில் அரண்மனைக் காவலர்கள். "இன்னைக்கு ஓடம் கிடையாது, ராஜா உத்தரவு" என்றார்கள். இதுதான் நியாயவான் செய்கிற வேலை!

காத்தாயி அழுதாள். அழுதுகொண்டே ஓடினாள். ஆற்றோரமாய் வெகுதூரம் மேலே போய், ஆழம் குறைந்த துறையில் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிக் கடந்தாள். பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது பாவாடையெல்லாம் நனைந்திருந்தது. மற்ற பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். இருட்டு விலகுமுன்பே தூக்கத்தோடு பல்லக்கில் கொண்டுவந்து இறக்கப்பட்ட சேந்தன், முதலிடத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ராஜா, அவருக்குப் பின்னால் அமைச்சர். முதல் எழுத்து இன்னும் விழவில்லை.

"தோற்றாய், போ" என்றார் ராஜா.

"போறேன் ராசா. முதல் எழுத்து விழுறதை மட்டும் பார்த்துட்டுப் போயிடுறேன்."

"தாராளமாகப் பார்."

சேந்தன் பலகையை எடுத்தான். வழக்கம்போல் பெரிய மாணவன் எழுந்து அவன் கையைப் பிடிக்க வந்தான்.

"அண்ணன் இன்னைக்கு எத்தனையாவதா வந்தாரு?" என்று கேட்டாள் காத்தாயி.

"ஒன்பதாவது" என்றான் அவன், யோசிக்காமல்.

"ஒன்பதாவது கை முதல்ல மணல்ல படலாமா?"

"படக்கூடாது!" என்று முப்பது தொண்டையும் ஒன்றாகக் கத்தியது. பெரிய மாணவன் கையை இழுத்துக்கொண்டான்.

சேந்தன் தனியாக நின்றான். மணலில் விரலை வைத்தான். ஒரு கோடு கோணலாகப் போனது. இன்னொரு கோடு அதைவிடக் கோணலாக வந்தது. அதற்குமேல் விரல் நகரவில்லை.

ராஜா பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "ம், எழுதுங்கள்!"

ஒருவரும் எழுதவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எதைப் பார்த்து எழுதுறது ராசா?" என்றது ஒரு வாண்டு.

அமைச்சர் அவசரமாகக் குனிந்து மணலில் விரல் வைக்கப் போனார். "அமைச்சரய்யா எத்தனையாவது?" என்றது அதே வாண்டு. அமைச்சர் நிமிர்ந்துவிட்டார். ராஜா வாயைத் திறந்தார், பிறகு அவரே மூடிக்கொண்டார்.

அப்போது சேந்தன் பேசினான். "அப்பா, எனக்கு எழுதத் தெரியாது. ஆறு மாசத்துல ஒரு நாள்கூட நான் எழுதினதில்லை, என் கையைப் பிடிச்சு வேற யாரோதான் எழுதினாங்க. என்னை யாரைக் கேட்டு முதல்ல உட்கார வச்சீங்க?"

ராஜா அமைச்சர் பக்கம் திரும்பினார்.

சேந்தன் பலகையைக் கொண்டுபோய்க் காத்தாயியிடம் நீட்டினான். "நீ எழுது. உனக்குத்தான் தெரியும்."

அவள் கை நீண்டது. எத்தனை ஆசை அவளுக்கு! ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. "நான் இன்னைக்குக் கடைசி. உங்களுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறவ பேச்சி. அவகிட்டக் குடுங்க."

குயவர் வீட்டுப் பேச்சி பலகையை வாங்கி, மணலை நிரவி, 'அ' எழுதினாள். சேந்தன் தானாகவே கடைசிக்குப் போய்க் காத்தாயியின் பக்கத்தில் உட்கார்ந்தான். "இங்கே வளைக்கணும், இங்கே இறக்கணும்" என்று அவள் தன் மணலில் காட்டினாள். அவன் கையை மட்டும் தொடவில்லை. ஒன்பது முறை அழித்தான். பத்தாவது முறை அகரம் வந்தது. சற்றுச் சாய்ந்த அகரம்தான், ஆனால் அவனே எழுதியது.

ராஜா அதைப் பார்த்தபடி நின்றார். "அந்தப் பெண் போகவேண்டும் என்று..." என்று ஏதோ ஆரம்பித்தார்.

அம்பலவாண வாத்தியார் எழுந்தார். ஆறு மாதமாய்க் குனிந்திருந்த மனிதர் அன்றைக்குத்தான் நிமிர்ந்தார். "அரசே, இந்தப் பள்ளியிலிருந்து எந்தப் பிள்ளையும் போகாது. இப்போது பாடம் நடக்கிறது. தாங்களும் கற்பதானால் உட்காருங்கள். பாடத்துக்கு எல்லாருக்கும் பின்னால் வருவது தாங்கள்தான், தங்கள் மகனுக்கு அடுத்து இடம் இருக்கிறது."

ராஜா உட்காரவில்லை. ராஜா அல்லவா! ஆனால் வாத்தியார் தலையை வாங்கவும் இல்லை. தன் மகன் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காலிப் பல்லக்கைப் பின்னால் வரச் சொல்லி, நடந்தே அரண்மனைக்குப் போனார். அந்தக் கட்டளையைப் பற்றி அதன்பிறகு செங்கழனியில் யாரும் பேசவில்லை.

கேட்டீர்களா பிள்ளைகளே, பெரியவர்களே? முறையில்லாத கட்டளைக்குத் தலையாட்டுகிறவர்கள், அந்தக் கட்டளை யாருக்காகப் போடப்பட்டதோ அவர்களையும் சேர்த்தே கெடுக்கிறார்கள்.