செவப்பா ஒருத்தன்

குரு என்றால் வெள்ளைத் தாடியும், சிஷ்யை என்றால் சின்ன வயசும் இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. இந்தக் கதையில் வருகிற குருவுக்கு வயது இருபத்தெட்டு. பெயர் நிலோஃபர். தபாலில் படிக்கிறவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் பல்கலைக்கழகத்தில் வகுப்பு எடுப்பவள். பாடத்தின் பெயர் 'அறிதல் உளவியல்: ஓர் அறிமுகம்'.

சிஷ்யை முத்துப்பேச்சி. குருவைவிட நல்ல மூப்பு. பாளையங்கோட்டையில் ரவிக்கை தைக்கிற கடை வைத்திருக்கிறாள். பிளஸ் டூவோடு நின்றுபோன படிப்பை அவள் மறுபடி தொட்டது ஒரு வக்கீல் மேல் வந்த ரோஷத்தில்.

அவள் மகள் தேவகனி போன வருஷம் கடை வாசலில் செத்துப்போனாள். பைக்கில் வந்த ஒருவன் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். இழுத்த இழுப்பில் அவள் குப்புற விழுந்து தலை கல்லில் மோதியது. அவன் போய்விட்டான். முத்துப்பேச்சி கத்தரிக்கோலும் கையுமாக வெளியே ஓடிவந்தபோது அவன் முதுகைத்தான் பார்த்தாள்.

அரக்குச் சிவப்புச் சட்டை. போலீசிடம் அதைத்தான் சொன்னாள்.

பழைய செல்போன் திருட்டு ஒன்றில் மாட்டியிருந்த லிங்கதுரையின் வீட்டுக் கொடியில் அரக்குச் சிவப்புச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஸ்டேஷனில் சட்டையை மேஜைமேல் போட்டுக் காட்டினார்கள்.

"இதேதான்" என்றாள்.

ஆளைக் காட்டினார்கள்.

"இவனேதான்."

"எக்கா, நல்லா பாருங்கக்கா" என்றான் அவன். அவள் அவன் முகத்தில் துப்பினாள்.

ஜாமீன் எடுக்க ஆளில்லாமல் அன்றிலிருந்து உள்ளேதான் கிடக்கிறான். வழக்குத் தள்ளிப்போன ஒரு நாள், கோர்ட்டு வராந்தாவில் அவனுடைய வக்கீல் முத்துப்பேச்சியைப் பார்த்துச் சிரித்தார்.

"கண்ணு மூடித் திறக்குற நேரம். அதுல அரக்குச் சிவப்பு எப்படிம்மா ஞாபகம் இருக்கும்? ஞாபகம்னா என்னன்னு படிச்சிருக்கியளா?"

"படிச்சுட்டு வாரேன்" என்றாள் முத்துப்பேச்சி.

சொன்னபடி வந்து சேர்ந்துவிட்டாள்.

வகுப்பில் அவள்தான் எல்லாருக்கும் அக்கா. டிபன் பாக்ஸில் புளியோதரை கொண்டுவந்தால் அவளுக்கு ஒரு வாய் மிஞ்சினாலே பெரிய விஷயம்.

"எக்கா, ரவிக்க தைக்கதுக்கு உளவியல் எதுக்கு?" என்று கேட்டான் ஒருவன்.

"மூணு தீபாவளிக்கு முந்தி எடுத்த அளவுக்கே தையின்னு வந்து நிக்கிறாளுவளே, அவளுவளச் சமாளிக்கத்தாம்ல."

இப்படிச் சிரிக்கவும் செய்வாள். ஆனால் 'நினைவு' என்ற பாடம் வந்த அன்று முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நிலோஃபர் பாடத்தை ஆரம்பிக்கும்போதே கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் உள்ளே வந்தார். மேஜைமேல் இருந்த டஸ்டரை எடுத்தார். ஒரு வார்த்தை பேசாமல் வந்த வழியே போய்விட்டார்.

"செவப்பா ஒருத்தர் வந்தாரே, அவரு எதை எடுத்துட்டுப் போனாரு?" என்று கேட்டாள் நிலோஃபர்.

"டஸ்டர்" என்று கோரஸாகக் கத்தினார்கள்.

அவள் அதை அப்படியே விட்டுவிட்டு மூளை, நரம்பு என்று எதையெதையோ நடத்தினாள். மணி அடிக்கப் போகிற நேரத்தில் திரும்பி நின்றாள்.

"அவரு சட்டை என்ன நிறம்?"

"சிவப்பு" என்றார்கள் பாதிப்பேர். மீதிப்பேர் விழித்தார்கள்.

"வெறும் சிவப்புன்னா எப்படி?" முத்துப்பேச்சி எழுந்தாள். "மாதுளைச் சிவப்பு டீச்சர். காலர் ஓரம் வெளுத்திருந்துச்சு. எத்தனை வருஷமா நூலுக்கும் துணிக்கும் நிறம் சேத்துக்கிட்டு இருக்கேன், எனக்கா தெரியாது?"

"அருள்தாஸ் அண்ணே, உள்ள வாங்க."

வந்தவர் அந்தத் துறையின் அட்டெண்டர். ஆள் எலுமிச்சம்பழம்போல நல்ல செவப்பு. போட்டிருந்தது சாம்பல் நிறச் சட்டை.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. முத்துப்பேச்சி சிரிக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு அவள் மேஜைப் பக்கம் வந்தாள். எதுக்குப் படிக்க வந்தாள் என்பதை அன்றுதான் குருவிடம் சொன்னாள். வக்கீல், சட்டை, லிங்கதுரை எல்லாம். நிலோஃபர் பையை மாட்டப் போனவள் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"நான் பொய் சொல்லுதேன்னு சொல்லுதியளா டீச்சர்?"

"இல்லக்கா."

"பொறவு எதுக்கு இந்த வேல காட்டுனிய?"

"வருஷா வருஷம் இந்தப் பாடத்துக்குக் காட்டுறதுதான். உங்க கதை எனக்குத் தெரியாது." நிலோஃபர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு கேட்டாள், "அன்னைக்கு உங்க பக்கத்துல யாராவது 'செவப்பு'ன்னு சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல."

படியிறங்கிப் பாதி வழி போனவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. நேரே எதிர்ப்பக்கம் கரும்புச்சாறு வண்டிக்குப் போனாள். வண்டிக்காரர் சேர்மக்கனி மிஷினை நிறுத்தினார். மகள் செத்த அன்று முதலில் ஓடிவந்தவர் அவர்தான். கோர்ட்டு வம்பு வேண்டாம் என்று போலீஸ் வந்தபோது ஒதுங்கிக்கொண்டவரும் அவர்தான்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீரு ஒண்ணு கத்துனீரே. என்னது அது?"

"செவப்பா ஒருத்தன் போறாம்ல, பிடிங்கலன்னு கத்துனேன். எவன் பிடிச்சான்?"

"சட்டையைத்தான சொன்னீரு?"

"சட்டையை எவன் பாத்தான்? ஆளைச் சொன்னேன் தாயி. ஹெல்மெட்டுக்குக் கீழ கழுத்தும் கையும் தெரிஞ்சுச்சு. கோழி முட்டையத் தொலிச்ச மாதிரி இருந்தான், களவாணிப் பய."

லிங்கதுரை அடுப்புக்கரி நிறம்.

"இதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

"என்கிட்ட எவன் கேட்டான்? நீதான் சட்டை முதக்கொண்டு அடிச்சுச் சொல்லுதேன்னாங்க. பெத்தவ கண்ணுக்குத் தப்புமான்னு இருந்துட்டேன்."

அவர் நீட்டிய கிளாசை அவள் வாங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முத்துப்பேச்சி வகுப்புக்குள் வரவில்லை. முடிகிறவரை வராந்தாவில் நின்றாள். பிள்ளைகள் "எக்கா, டிபன் பாக்ஸ் எங்கக்கா?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். கடைசி ஆளும் போன பிறகு உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். சேர்மக்கனி சொன்னதைச் சொன்னாள்.

"புதன்கெழம எனக்குச் சாட்சி டீச்சர்."

"என்ன கேப்பாங்க?"

"என்ன பாத்தேன்னு கேப்பாங்க."

"என்ன பார்த்தீங்க?"

முத்துப்பேச்சி கண்ணை மூடினாள்.

"பைக்கு. அது போற புகை. ஒரு முதுகு."

"சட்டை?"

"இருக்கு."

"நிறம்?"

அவள் கண்ணைத் திறக்க ரொம்ப நேரமாயிற்று.

"இன்னமும் அரக்குச் சிவப்பாத்தான் தெரியுது டீச்சர். அண்ணாச்சி சொன்ன பொறவும் மாறல. தோள்பட்டத் தையல் வரைக்கும் தெரியுது."

"தெரியத்தான் செய்யும். அது போகாது."

"அப்போ இந்தச் சிவப்பை நான் எங்க பாத்தேன்?"

"பார்க்கலக்கா. கேட்டீங்க."

வராந்தாவில் அருள்தாஸ் ஒவ்வொரு அறையாக ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வரும் சத்தம் கேட்டது.

"இதைக் கோர்ட்டுல சொன்னா அவன் வெளிய வந்துருவான்."

"வருவான்."

"பொறவு எம்மகளைக் கொன்னவன் யாரு?"

"தெரியாது."

"தெரியாதுன்னா எப்படி டீச்சர்?" முத்துப்பேச்சி முன்னால் குனிந்தாள். "காலையில முழிச்சதும் லிங்கதுரை மூஞ்சியத்தான் நெனப்பேன். நாசமாப் போயிருவலன்னு அந்த மூஞ்சியப் பாத்து வஞ்சாத்தான் எனக்கு அடுப்புப் பத்தவைக்க கை வரும். அந்த மூஞ்சியையும் பிடுங்கிட்டா நான் எதைப் பாத்து வைய?"

சமாதானமாக ஒரு சொல் வரும் என்று முத்துப்பேச்சி காத்திருந்தாள். குரு தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினாள். அவ்வளவுதான்.

முத்துப்பேச்சி ஒரு மிடறு குடித்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"'எக்கா, நல்லா பாருங்கக்கா'ன்னான்" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. "நான் துப்புனேன்."

அருள்தாஸ் வாசலில் வந்து நின்றார். உள்ளே பார்த்துவிட்டு, சாத்தாமலே அடுத்த அறைக்குப் போனார்.

"சரி. கேட்டேன்னே சொல்லுதேன்."

எழுந்து பையை எடுத்தாள். கதவு வரைக்கும் போனவள் திரும்பாமலே நின்றாள். நிலோஃபருக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"டீச்சர்."

"சொல்லுங்கக்கா."

"எம்பிள்ள மடியில கெடக்கையில ஒண்ணு சொன்னா. 'எம்மா, நீ பயப்படாத'ன்னு. அந்த அடியில வாய் பேசியிருக்கவே முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. நான் அவருகிட்ட சண்டைக்குப் போனேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "சட்டையத் தச்ச மாதிரி அதையும் நானேதான் தச்சுக்கிட்டேனா?"

"தெரியலக்கா" என்றாள் நிலோஃபர்.

முத்துப்பேச்சி அசையவில்லை.

"ஆனா அந்த வார்த்தைக்காக யாரும் ஜெயில்ல இல்ல. அதை நீங்க வெச்சுக்கோங்க."