பாலக்காடு போன பந்து

காலேஜ்களுக்கான ரோபோ கால்பந்துப் போட்டி அது. பாதுகாப்புச் சோதனை முடிந்து பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால்தான் ரோபோவைக் களத்தில் இறக்க விடுவார்கள். எங்கள் ஒரு வருஷ உழைப்பு அந்த ஸ்டிக்கரில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கெட்ட நேரம், பேசும் பொறுப்பு கேப்டன் ஜெயசீலனிடம். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத ஜென்மம்.

சோதனை மேசையில் பரிமளா மேடம், பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப் ஆசிரியை. "காத்தழுத்தத்துல உதைக்கிறதா? பந்து எவ்வளவு தூரம் போகும்?" என்று படிவத்தை எடுத்தார்.

"தூரமா? போன வாரம் கோயமுத்தூர்ல ஒரு உதை விட்டோம் மேடம். பந்து பாலக்காட்டுல போய் விழுந்துச்சு. திரும்பி வந்தப்ப மலையாளம் பேசுச்சு."

"திரும்பி எப்படிடா வந்துச்சு?" வரிசையில் பின்னால் நின்றவன் கேட்டான்.

"அங்க ஒரு செவுத்துல பட்டுத் திரும்பிச்சு. வேகம் பாதியாயிடுச்சுல்ல, அதான் வர மறுநாள் ஆச்சு. அப்புறம் காத்தைக் கொஞ்சம் கூட்டினோம் மேடம். அந்த உதையில பந்து அசையவே இல்ல, எங்க காலேஜ்தான் மூணடி பின்னாடி போச்சு. இன்னிக்கும் பஸ் ஸ்டாப்புல இருந்து மூணடி கூடுதலா நடக்கிறோம்."

"அழுத்தம் காட்டுற மீட்டர் மேல ஏன் டேப்பு?"

"முள்ளு சுத்துற சுத்துல பார்க்கிறவனுக்குத் தலை கிறுகிறுங்குது. அதான் மூடிட்டோம்."

மேடம் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் 'தெரிந்த ஆபத்துகள்' என்ற கட்டத்தில் எழுதியிருந்தார். பந்து பாலக்காடு போகும். கட்டடம் நகரும். படிவத்தை அவன் பக்கம் திருப்பினார்.

"கையெழுத்துப் போடுங்க தம்பி. போட்டா ரோபோ நேரா ஊருக்கு வேன் ஏறும். பொய்யின்னா, இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு அடிச்சு எழுதுங்க."

ஜெயசீலன் பேனாவைப் பார்த்தான், ரோபோவைப் பார்த்தான்.

"பொய்தான் மேடம். நாலடி போகும்."

எல்லாவற்றையும் அடித்துவிட்டு நாலடி என்று எழுதினான். வரிசையே கைகொட்டிச் சிரித்தது. அவனைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, ஓங்கி அறையவும் தோன்றியது.

மேடம் டேப்பை உரித்தார். அழுத்தம் ஆறு வரை அனுமதி, மீட்டர் முள் ஒன்றைத் தாண்டவில்லை. எல்லாரையும் தள்ளி நிற்கவைத்து உதைக்கச் சொன்னார். புஸ்ஸென்று ஒரு சத்தம். பந்து ஒன்றரை அடி உருண்டு நின்றது.

அவன் எழுதிய நாலையும் அடித்து ஒன்றரை என்று திருத்திவிட்டு, பச்சை ஸ்டிக்கரை ஒட்டினார்.

"இவ்வளவு பாதுகாப்பான உதையை நான் பார்த்ததே இல்ல தம்பி. முன்னாடி கைக்குழந்தையைப் படுக்க வைக்கலாம். அடுத்த டீம் வாங்க."