முதலில் வந்து நின்ற குதிரை

கோணக்குளத்துக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று அக்கம்பக்கத்து ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. அது வீண் பழி. மூளை இருந்தது. எடுத்துப் புழங்கினால் தேய்ந்துபோகும் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊரில் தவசி என்று ஒருவன் இருந்தான். சந்தைமேட்டுத் திருவிழாவில் குதிரைப் பந்தயம் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சங்கிலி, ஒச்சான், வெள்ளையப்பன் என்று தன் அளவுக்கே புத்தியுள்ள மூன்று பேரைத் தேடிப் பிடித்தான். நாலு பேரும் கூட்டாக ஒரு பந்தயக் குதிரை வாங்கினார்கள். விற்றவர் உசேன் பாய். பட்டணத்துப் பந்தய மைதானத்தில் குதிரை பழக்கிவிட்டு, வயதான காலத்தில் சந்தைமேட்டில் வந்து குடியிருந்தவர். நல்ல மனிதர், குதிரையும் நல்ல குதிரை. வாங்கியவர்களைப் பற்றித்தான் அப்படி ஒன்றும் சொல்வதற்கில்லை.

தவசி தன் பங்குக்கு வீட்டு எருமையை விற்றிருந்தான். பெண்டாட்டி பேச்சியிடம் மூச்சு விடவில்லை. அவள் வயலிலிருந்து வந்து, வெறுங்கட்டுத்தறியையும் வாசலில் நின்ற குதிரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது பால் கறக்குமா?"

"ஓடும். போட்டியில முதல்ல வரும்."

"அப்படியா? அது முதல்ல வந்த அன்னைக்கு வந்து என்னைக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் நான் எங்க அண்ணன் வீட்டுல இருக்கேன்."

சொன்னபடியே மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். தவசி அவள் மேல் உயிரையே வைத்திருந்தவன். அதோடு அவனுக்கு அடுப்பு மூட்டவும் தெரியாது. குதிரை ஜெயித்தால்தான் பேச்சி என்று ஆகிவிட்டது.

திருவிழா வந்தது. யார் ஏறி ஓட்டுவது என்று நாலு பேரும் உட்கார்ந்து பேசினார்கள்.

"நாலு பேருக்கும் பங்கு இருக்கே. ஒருத்தர் மட்டும் ஏறினா மத்த மூணு பேர் பங்கு என்னாகுறது?" என்றான் ஒச்சான்.

சங்கிலிதான் அவர்களில் மூத்தவன். தாடையைச் சொறிந்துகொண்டு தீர்ப்புச் சொன்னான். "கூட்டுக் கிணத்துல தண்ணி எப்படிப் பாய்ச்சுறோம்? முறை வச்சுத்தானே? குதிரையையும் அப்படியே வச்சுக்குவோம். ஆளுக்குக் கால்வாசித் தூரம். மடை மாத்துற மாதிரி ஆள் மாத்திக்குவோம்."

"அடுத்தவன் முறையில ஒரு அடி ஓட்டினாலும் அது தண்ணி திருட்டுதான், சொல்லிட்டேன்" என்றான் வெள்ளையப்பன்.

வறண்ட கண்மாய்க்குள் பந்தயம். முதல் கால்வாசியில் சங்கிலி எல்லாக் குதிரைகளையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான். ஜனங்கள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒச்சான் நின்ற இடத்தில் குதிரையை இழுத்துப் பிடித்து இறங்கினான்.

ஒச்சான் ஏறவில்லை. தரையைப் பார்த்தான். "அண்ணே, என் முறையில ரெண்டு முழம் உள்ள வந்துட்டீங்க."

சங்கிலி நியாயஸ்தன். குதிரையைப் பின்னுக்கு நடத்திக்கொண்டு போய், எல்லையில் நிறுத்தி, முறைப்படி ஒப்படைத்தான். இதற்குள் மற்ற குதிரைகள் பந்தயத்தை முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. கடைசி முறை தவசியுடையது. இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே அவன் வெற்றிக் கம்பத்தைத் தாண்டினான். கும்பிடு வாங்கிக்கொள்ள அங்கே ஒரு நாய்தான் இருந்தது.

அடுத்த வருஷம் நாலு பேரும் உசேன் பாயிடம் போய் யோசனை கேட்டார்கள். அவர் நடந்ததைக் கேட்டுச் சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏப்பா, ஒரே ஆள்தான் ஓட்டணும். முன்னால ஓடுற குதிரையோட வாலைப் பாத்துக்கிட்டே ஓட்டச் சொல்லுங்க. வாலை விட்டுக் கண்ணை எடுக்கவே கூடாது."

உடம்பு கனமில்லாத வெள்ளையப்பனை ஏற்றிவிட்டார்கள். பாய் சொன்னதை அவன் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். ஆனால் குதிரைக்கு அது தெரியுமா? அது பாட்டுக்கு ஓடி முன்குதிரையைத் தாண்டிவிட்டது. வாலைக் காணோம். வெள்ளையப்பனுக்கு வேர்த்துக் கொட்டியது. கடிவாளத்தை இழுத்து, அந்தக் குதிரையை முன்னே போகவிட்டு, வால் கண்ணில் பட்ட பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. மறுபடி தாண்டியது, மறுபடி இழுத்தான். இந்த லட்சணத்தில் பந்தயம் முடிந்தது.

பந்தயம்தான் முடிந்தது. ஜெயித்தவன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன். மாலையோடு குதிரையை வீட்டுக்கு ஓட்டிப் போனான். வெள்ளையப்பன் வாலைப் பார்த்துக்கொண்டே ஆற்றைத் தாண்டி, அவன் தொழுவம்வரை போய்ச் சேர்ந்தான். அந்த வீட்டுக்காரர்கள் இரக்கப்பட்டுக் கஞ்சி ஊற்றித் திருப்பி அனுப்பினார்கள்.

ஆனாலும் இரண்டாவது இடம். கோணக்குளத்தில் மேளம் கொட்டினார்கள். தவசி குதிரைக்குச் சந்தனம் பூசி மைத்துனன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

"பேச்சி, ரெண்டாவது வந்துருச்சு. ஒண்ணுக்குப் பக்கத்துலதானே ரெண்டு இருக்கு? கிளம்பு."

"எங்க அண்ணன் ஊருக்குப் பக்கத்துலதான் நம்ம ஊரும் இருக்கு. அதுக்காக நான் வந்துட்டேன்னு ஆகுமா? முதல்ல வரட்டும்."

சந்தனம் பூசிய குதிரையோடு திரும்பி வந்தான். வழியெல்லாம் அழுதான். எருமையும் போய், பெண்டாட்டியும் போய், கருகின சோற்றைத் தின்று இன்னொரு வருஷம் ஓட்டினான்.

மூன்றாவது வருஷமும் நாலு பேரும் யோசனை கேட்கப் போனபோது, பாய்க்கு அவர்களைப் பார்த்ததுமே தலைவலி வந்தது.

"வாலும் வேணாம், தலையும் வேணாம். மத்த குதிரைங்க வர்றதுக்கு முன்னாடி அந்தக் கம்பத்துக்கிட்ட உங்க குதிரை போய்ச் சேர்ந்துடணும். பந்தயம்னா அவ்வளவுதான்."

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இவ்வளவுதானா? இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே பாய்" என்றான் தவசி மனத்தாங்கலோடு.

பந்தயத்துக்கு முதல் நாளே குதிரையைக் கண்மாய்க்கு நடத்திக்கொண்டு போனார்கள். விழாக் கமிட்டிக்காரர் செல்லையா அங்கே கம்பம் நடக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எங்களுக்கு முன்னாடி இங்க வேற குதிரை ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டான் தவசி.

"எங்கய்யா வந்துச்சு? போட்டி நாளைக்கு."

"அப்ப நாங்கதானே முதல்?"

செல்லையாவுக்கு வேலை தலைக்கு மேல் கிடந்தது. "ஆமா சாமி, நீங்கதான் முதல். குழிக்குள்ள விழுந்துடாம தள்ளி நில்லுங்க."

தவசி குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டு, மைத்துனன் ஊருக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான்.

"பேச்சி, முதல்ல வந்துருச்சு!"

"போட்டி நாளைக்குத்தானே?"

"மத்தவங்களுக்குத்தான் நாளைக்கு."

பேச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சட்டைப் பொத்தான் மாறிக் கிடந்தது, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இந்த ஆளை இன்னும் தனியாக விட்டால் வீட்டை விற்று யானை வாங்கிவிடுவான்.

"சரி, முதல்ல வந்ததாவே இருக்கட்டும். நீங்க போங்க. நான் நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுறேன்."

மறுநாள் பந்தயம் நடந்தது. கோணக்குளத்துக் குதிரை கம்பத்தடியில் நின்று புல் தின்றுகொண்டிருந்தது. தலைதெறிக்க ஓடி வந்து ஜெயித்தவனின் முதுகைச் சங்கிலி தட்டிக்கொடுத்தான்.

"மனசை விட்றாதப்பா. ரெண்டாவது வந்திருக்கே, சும்மாவா?"

கூட்டம் கலைந்தது. நாலு பேரும் கம்பத்தடியில் உட்கார்ந்தார்கள்.

"ஒரு நாள் முன்னாடி வந்து ஜெயிச்சுட்டோம். இதைப் பாத்துட்டு அடுத்த வருஷம் எல்லாப் பயலும் ரெண்டு நாள் முன்னாடி வந்து நிப்பானே" என்றான் ஒச்சான்.

"நாம பத்து நாள் முன்னாடி வருவோம்."

"அவன் ஒரு மாசம் முன்னாடி வந்துட்டா?"

நாலு பேரும் நெடுநேரம் யோசித்தார்கள். கடைசியில் தவசிக்குத்தான் அந்த யோசனை உதித்தது.

சாயங்காலம் பேச்சி மூட்டையோடு வீட்டுக்கு வந்தாள். கதவு பூட்டியிருந்தது. நிலைக்கு மேலிருந்த சாவியை எடுத்துத் திறந்தாள். இருட்டும்வரை பார்த்தாள், ஆள் வரவில்லை. மறுநாள் காலையில் சோறு ஆக்கித் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு சந்தைமேட்டுக்கு நடந்தாள்.

கடைகளைப் பிரித்து வண்டியேற்றிவிட்டார்கள். ஆளரவமற்ற கண்மாய்க்குள் ஒரு கம்பமும் ஒரு குதிரையும் நாலு முட்டாள்களும் மட்டும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். பேச்சி தவசியின் கையைப் பிடித்து, "வாங்க வீட்டுக்கு" என்றாள்.

தவசி பாசத்தோடு அவளைப் பார்த்தான். பிறகு கையை நெற்றிக்கு மேல் வைத்து, நாலு திசையும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"இப்ப எப்படி வர முடியும் பேச்சி? அடுத்த வருஷப் போட்டியில ஓடிக்கிட்டு இருக்கோம். பின்னாடி இன்னும் ஒரு குதிரைகூடக் கண்ணுல படலை."