ஏழாவது கை

எங்கள் வேங்கையாற்றில் தண்ணீர் வர வேண்டுமென்றால் நான் போய் சுவிட்ச் போட வேண்டும்.

கேலி இல்லை. படித்துறைக்குக் கீழே மணலில் இருபதடிக்கு ஒரு சிமெண்ட் வாய்க்கால் கட்டி வைத்திருக்கிறோம். சாம்பல் கரைக்க யார் வந்தாலும் நான் மடத்து மோட்டாரைப் போடுவேன். போர்வெல் தண்ணீர் அதில் ஓடி, கடைசியில் மணலுக்குள் போய்விடும். அதற்குப் பெயர் ஆறு! வருகிறவர்களும் அதையே கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். பாவம், வேறென்ன செய்வார்கள்.

நிஜத் தண்ணீர் மலையிலேயே நிற்கிறது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் அணை கட்டி, மலையைக் குடைந்து, அந்தப் பக்கச் சரிவில் தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். இந்தப் பக்கம் மணல்தான்.

அந்த அணையில் முப்பது வருஷத்துக்கு மேல் இன்ஜினீயராக இருந்து ரிட்டையர் ஆனவர் சிற்றம்பலம். மடத்தை நடத்தும் எங்கள் கோமதியம்மாவின் சீடர். குருவுக்கு வயது ஐம்பத்தைந்து, சீடருக்கு அறுபத்து நாலு. ஆறு வருஷமாக வாரம் தவறாமல் மடத்துக்கு வருகிறார். "ஆத்தை அடைச்ச முதல் ஷட்டரை இறக்கின கை இது" என்று வலது கையைக் காட்டி நூறு தரமாவது சொல்லியிருப்பார். மாலை போட்டார்களாம், லட்டு கொடுத்தார்களாம். அம்மா கேட்டுக்கொண்டிருப்பார். எனக்குத்தான் எரிச்சலாக வரும்.

அன்று காலை அவர் மஞ்சள் துணி கட்டிய கலயத்தோடு வந்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் இறந்துபோன அவர் மனைவி செண்பகவடிவின் சாம்பல் அது.

"நாளைக்கு ஓட்டெடுப்பும்மா" என்றார். "அணையை இடிக்கலாமா, ரிப்பேர் பண்ணி வச்சுக்கலாமான்னு. கமிட்டியில ஏழு பேர். மூணு பேர் இடிக்கணும்ங்கிறாங்க, மூணு பேர் கூடாதுங்கிறாங்க. ஏழாவது ஆள் நான்."

"சரி."

"எந்தப் பக்கம் கையைத் தூக்கணும்னு நீங்கதான் சொல்லணும்."

அம்மா கலயத்தைப் பார்த்தார். "இது ஏன் கூட வந்திருக்கு?"

"ரெண்டு வருஷம் அவ ஆக்ஸிஜன் மெஷின்லதான் மூச்சு விட்டா. அது ஓடினது எங்க அணைக் கரண்டுல. மலையில நாப்பது ஊருக்கு அந்த ஒரு லைன்தான்."

"அப்ப அணை இருக்கட்டும்னு தூக்குங்க."

"ஆனா அவ இந்தக் கரையில பிறந்தவ. ஓடுற ஆத்துல என்னைக் கரைங்கன்னு கேட்டுட்டுப் போனா. மூணு மாசமா வீட்டுல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"அப்ப இடிக்கணும்னு தூக்குங்க."

"விளையாடாதீங்கம்மா!"

"நான் எங்கே விளையாடினேன்? ரெண்டு பக்கமும் பேசினது நீங்கதான்." அம்மா எழுந்தார். "வாங்க, கரைச்சிருவோம். பூதத்தான், மோட்டாரைப் போடு" என்றார் என்னிடம்.

"இந்த வாய்க்கால்லயா? இது ஓடுற ஆறாம்மா?"

"நீங்க விட்டு வச்ச ஆறு இதுதான், இன்ஜினீயரே."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பின்னாலேயே போனார். மோட்டார் ரூம் படித்துறையை ஒட்டித்தான் இருக்கிறது. நான் சுவிட்சைப் போட்டுவிட்டு வாசலில் நின்றேன்.

தண்ணீர் வந்தது. சிற்றம்பலம் துணியை அவிழ்த்து அள்ளி அள்ளி விட்டார். ஒவ்வொரு பிடிக்கும் "வடிவு, வடிவு" என்று முனகினார். கலயம் பாதியாயிற்று. அடுத்த பிடி கையில் இருக்கும்போது அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார்.

எனக்குத் திக்கென்றது. செத்தவர் காரியத்தைப் பாதியில் நிறுத்துவார்களா? ஆனால் அம்மா சொன்னால் சொன்னதுதான். நிறுத்தினேன்.

தண்ணீர் மெலிந்து நூலாகி நின்றுபோனது. கடைசியாக விட்ட சாம்பல் சிமெண்டில் சேறாக ஒட்டிக்கொண்டது.

"கரண்டு போயிடுச்சா?" என்றார் சிற்றம்பலம்.

"போகல. நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "என்ன அநியாயம்மா இது! என் பொண்டாட்டி பாதியில நிக்கிறா. மனுஷங்க செய்யற காரியமா?"

"அப்படித்தான் நானும் கேட்டேன்."

"யார்கிட்ட?"

"அப்போ ஆள் யாருன்னு தெரியல. நீங்க சாயங்காலம் அந்த முதல் ஷட்டரை இறக்கினீங்க. மறுநாள் காலையில இதே துறையில எங்கப்பாவைக் கரைச்சோம். எனக்குப் பதினஞ்சு வயசு. முழங்கால் தண்ணி கணுக்காலாச்சு, அப்புறம் வெறும் ஈரம். என் தம்பி கையில அப்பா பாதி நின்னுட்டார்."

பத்து வருஷமாக மடத்தில் இருக்கிறேன். எனக்கே இது தெரியாது.

சிற்றம்பலம் படியில் உட்கார்ந்துவிட்டார். "தெரிஞ்சேவா என்னைச் சீடனா வச்சுக்கிட்டீங்க?"

"வேற யாரை வச்சுக்கிறது? நானும் உங்க கரண்டுலதான் மிக்ஸி போட்டுச் சட்னி அரைக்கிறேன்."

"என்னை மன்னிச்சுட்டீங்களாம்மா?"

"இல்லை."

அவர் முகம் வாடியதைப் பார்த்தும் அம்மா அதை மாற்றிச் சொல்லவில்லை.

சிற்றம்பலம் தலையைத் தூக்கினார். "புரிஞ்சுதும்மா. இடிக்கச் சொல்லிடறேன்."

"இடிங்க. ஆறு வந்துரும். மலையில இன்னொருத்தி அதே மாதிரி மெஷின்ல மூச்சு விட்டுக்கிட்டிருப்பா. அது நின்னா அவ புருஷன் யார்கிட்ட போய்க் கேப்பான்?"

"அப்ப இடிக்க வேண்டாமா?"

"வேண்டாம். இன்னும் நாப்பது வருஷம் எல்லாரையும் இந்த வாய்க்கால்லயே கரைப்போம். பூதத்தான் சுவிட்ச் போடுவான்."

"ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலைங்கம்மா! அதுக்குத்தானே வந்தேன்."

அம்மா கலயத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

சிற்றம்பலம் கையிலிருந்த பிடியைத் திரும்பக் கலயத்துக்குள் போட்டுத் துணியைக் கட்டினார். விரலிடுக்கெல்லாம் சாம்பல். "மோட்டாரைப் போடுப்பா, கையையாவது கழுவிக்கிறேன்" என்றார் என்னிடம்.

நான் சுவிட்சில் விரலை வைத்தேன். அம்மா வேண்டாமென்று தலையாட்டினார்.

"நாளைக்கு எந்தக் கையைத் தூக்குவீங்க?" என்று அவரைக் கேட்டார்.

அவர் வலது கையைக் காட்டினார்.

"அதைக் கழுவாமப் போங்க."