காலித் தொட்டியில் ஒரு விரால்

அநியாயம் நடந்தது ஒரு விராலுக்கு. குஞ்சுகளும் தானுமாகத் தொட்டியில் வாழ்ந்துகொண்டிருந்தவளை, 'இல்லை' என்று சொல்லிவிட்டார்கள்.

சொன்னது வெப்பக் கேமரா. குளிர்பதனக் கிடங்குக்குப் புதிதாக வந்தது. சூட்டை வைத்தே உருவத்தைக் காட்டும். இருட்டிலும் புகையிலும் ஆளைப் பிடித்துவிடும். அதனால் அது எதைச் சொன்னாலும் கிடங்குச் சாமான்கள் எல்லாம் தலையாட்டின.

கிடங்கின் பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டியை அது ஒருமுறை எட்டிப் பார்த்தது. "உயிர் எதுவும் இல்லை. காலி!"

அவ்வளவுதான். காலித் தொட்டியைக் கழுவக் காத்திருந்த பிளீச்சிங் பவுடர் மூட்டை விளிம்பில் ஏறி உட்கார்ந்து வாயை அவிழ்க்கத் தொடங்கியது.

பவுடர் விழுந்தால் முதலில் சாவது குஞ்சுகள். விராலுக்குப் பதறியது. அடியிலிருந்தே கத்தினாள்.

"யாரைக் கேட்டு ஐயா காலி என்றீர்?"

"உயிர் என்றால் சூடு தெரியணும் அம்மா. திரை முழுக்க ஒரே நீலம்."

"நீர் பார்த்தது தண்ணீரின் மேல்தோலை! அதற்குக் கீழே உம் பார்வை இறங்காது. என் உடம்பும் இந்தத் தண்ணீர் அளவுக்குத்தான் குளிர்ந்திருக்கும்."

உறைகுளிர் அறையின் கதவு கெக்கலித்தது. "எனக்குள்ளே வந்தபோதும் இதே கதைதான். கடுங்குளிரில் இவர் திரையில் வெறும் புள்ளிப் புள்ளியாகத்தான் தெரிந்தது. வெளியே போய் 'எல்லாம் பார்த்தாச்சு' என்றார்!"

"உனக்கென்ன அவ்வளவு வாய்?" கேமரா பொரிந்தது. "விராலே, வெளியே துள்ளி வா. இருக்கிறாய் என்று எழுதிக்கொள்கிறேன்."

"உம் கண்ணுக்குத் தெரிவதற்காக நான் தரையில் கிடந்து துடிக்கணுமா? நல்ல நியாயம்! அந்த வாளியைப் பாரும், தெரிகிறதா?"

வெயிலில் காய்ந்த இரும்பு வாளி திரையில் தகதகவென்று ஜொலித்தது. "ஓ, பிரமாதமாக!"

"வாளியண்ணே, குதியுங்கள்!"

தொபுக்கென்று வாளி தண்ணீருக்குள் விழுந்து மூழ்கியது.

"இப்போது எங்கே?"

கேமரா இப்படித் திரும்பியது, அப்படித் திரும்பியது. "வாளி... இல்லை."

"யோவ்! இங்கேதானய்யா கிடக்கிறேன்!" அடியிலிருந்து வாளி குமுறியது.

கிடங்கே சிரித்தது. மூட்டைக்கு மட்டும் பொறுமையில்லை. அவிழ்ந்த வாயோடு தண்ணீர்ப் பக்கம் சரிந்தது. "கேமரா அண்ணே, சட்டென்று சொல்லுங்கள். காலிதானே? கொட்டவா?"

விரால் குஞ்சுகளைச் சுற்றி வளைந்து நின்றாள்.

அத்தனை சாமான்களும் பார்த்துக்கொண்டிருக்க, கேமரா தொண்டையைக் கனைத்தது.

"கொட்டாதே. தொட்டி காலியில்லை. எனக்குத்தான் தெரியவில்லை."