விரலை மறந்த டேப்

இது மடத்தில் நடந்த கதை இல்லை. கடையநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பரோட்டாக் கடையில் நடந்தது. காவி கட்டினவருக்கு மட்டும்தான் கிடைப்பேன் என்று ஞானம் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லையே.

குரு பீர் முகம்மது. வயது முப்பத்து மூன்று. ஊரே அவரை மாஸ்டர் என்று கூப்பிடும். சீடர் சுடலையாண்டி. வயது நாற்பத்து நாலு. எட்டு வருஷம் செல்போன் கடை நடத்தி, முடியாமல் இழுத்து மூடிவிட்டு, "எனக்குப் பரோட்டா சொல்லித் தாங்க மாஸ்டர்" என்று வந்து நின்றவர். வயதில் மூத்தவர் என்பதால் மாஸ்டர் அவரை அண்ணாச்சி என்பார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மாவை யாரும் பிசையலாம். உருண்டையை யாரும் பிடிக்கலாம். சாயங்காலம் நாலு மணிக்குப் பரோட்டாக் கல்லுக்கு அடியில் தீ வைப்பது மட்டும் மாஸ்டர் கைதான். முதலாளியே ஆனாலும் தீப்பெட்டியைத் தொடமாட்டார்.

சுடலையாண்டி சேர்ந்த வாரம் முதலாளி நயினார் ஒரு டேப்லெட் வாங்கிவந்தார். கடையில் அதற்கு டேப் என்று பேர். போனில் வரும் ஆர்டரை எல்லாம் அதில் பார்க்கலாமாம். அமைத்துக் கொடுத்தது சுடலையாண்டிதான். ஆறு இலக்கத்தில் ஒரு நம்பர் லாக் போட்டார். பிறகு தன் வலது ஆள்காட்டி விரலைத் திருப்பித் திருப்பி வைத்து அதையும் பதித்தார்.

"இனிமே நம்பரே வேண்டாம் மாஸ்டர். என் விரல் பட்டாப் போதும், திறந்துரும். நீங்களும் ஒரு விரலப் பதிஞ்சு வைங்க."

மாஸ்டர் விரலை வைத்தார். மறுபடி வை என்றது டேப். வைத்தார். இன்னும் ஒரு தடவை வை என்றது. பத்து தடவை ஆயிற்று. பதியவே இல்லை.

"உங்க விரலு இதுக்குப் பிடிக்கல போல" என்று சுடலையாண்டி சிரித்தார்.

மாஸ்டரும் சிரித்தார். மாவு பிசையப் போய்விட்டார்.

இரண்டு மாதம் சுடலையாண்டி மாவு பிசைந்தார். இரண்டு மாதம் மாவை வீசி விரிக்கும் வீச்சு பழகினார். அப்புறம்தான் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கவிட்டார்கள். வெந்த பரோட்டாவைக் கல்லிலிருந்து எடுத்து அடுக்கி, இரண்டு கையாலும் அடித்து உதிர்க்க வேண்டும். கரண்டி தொடக்கூடாது, விரலால்தான் எடுக்க வேண்டும் என்பது மாஸ்டர் போட்ட சட்டம். சூடு என்றால் அப்படி ஒரு சூடு! முதல் வாரம் சுடலையாண்டி அழுதேவிட்டார். தோல் உரிந்தது, வளர்ந்தது, மறுபடி உரிந்தது.

"கல்லு எனக்கு எப்ப மாஸ்டர்?" என்று வாரத்துக்கு ஒரு தடவை கேட்பார்.

"வரும்" என்பார் மாஸ்டர். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

இதற்கிடையில் டேப் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. விரலை வைத்தால் திறக்க மாட்டேன் என்றது. எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்து சுடலையாண்டி சோப்புப் போட்டுக் கழுவினார். எலுமிச்சம்பழம் தேய்த்தார். பாத்திரம் விளக்கும் பொடியையும் விடவில்லை. ஒன்றும் பலிக்கவில்லை. எட்டு வருஷம் செல்போன் விற்றவனுக்கு இது கேவலம் இல்லையா? துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு நம்பர் போட்டே திறந்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மூன்று மாதம் இப்படியே ஓடியது. ஒரு நாள் மூன்றரை மணி வாக்கில் முதலாளி வந்து உட்கார்ந்தார்.

"மாஸ்டர், வெள்ளிக்கிழமை பைபாஸ்ல புதுக்கடை திறக்கோம். அண்ணாச்சிய அங்க முன்னால டேப்போட உக்காரவச்சிருவோம். அவருக்குத் தெரிஞ்ச தொழில் அதானே? கல்லுக்கு வெளிய இருந்து வேற ஒரு ஆளப் பாக்கேன்."

சுடலையாண்டி கையிலிருந்த மாவை அப்படியே போட்டார். மாஸ்டரைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"மாஸ்டர், மறுபடியும் என்னய மேசைக்குப் பின்னால உக்காரவச்சா நான் செத்தே போவேன். கல்லுக்கு நான் ஆவேனா, மாட்டேனா? இன்னைக்காவது வாயத் திறந்து சொல்லுங்க."

மாஸ்டர் நேராக முன்பக்கம் நடந்தார்.

"முதலாளி, நீங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே அண்ணாச்சி டேப்பத் திறக்கட்டும்."

போச்சு, மானம் போச்சு என்று சுடலையாண்டி நினைத்தார். துண்டால் மறைக்க வழியில்லை. விரலை வைத்தார். திறக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். ஐந்து தடவை ஆனதும் நம்பரைப் போடு என்று கேட்டது.

"என்ன அண்ணாச்சி, உங்க விரலயே இதுக்கு அடையாளம் தெரியலயே!" என்றார் முதலாளி.

சுடலையாண்டி தலையைக் குனிந்துகொண்டார். "மூணு மாசமாவே தெரியல முதலாளி. நம்பர் போட்டுத்தான் திறக்கேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

மாஸ்டர் அவர் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். பக்கத்தில் தன் கையையும் நீட்டினார். இரண்டு ஆள்காட்டி விரலும் ஒன்றுபோல் இருந்தன. நுனியில் ஒரு கோடு கிடையாது. தேய்ந்த சட்டி அடி மாதிரி வழவழவென்று இருந்தன.

முதலாளி குனிந்து பார்த்தார். மாஸ்டருடைய விரலைத் தடவினார். சுடலையாண்டியுடைய விரலையும் தடவினார்.

சுடலையாண்டியும் தன் விரலை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். எலுமிச்சம்பழம் தேய்த்த விரல். துண்டுக்குள் ஒளித்த விரல். அதை மாஸ்டர் விரலுக்குப் பக்கத்திலிருந்து எடுக்க அவருக்கு மனசே வரவில்லை. பெருமையில் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"இந்த டேப்பு ஏழு மாசத்துக்கு முன்னால வந்த செல்போன் கடைக்காரரத் தேடுது முதலாளி" என்றார் மாஸ்டர். "அவரு போய் ரொம்ப நாளாச்சு."

"அப்போ புதுக்கடையில டேப்ப யாரு திறக்க?"

"ரேகை உள்ள ஆளாப் பாத்து வச்சுக்கிடுங்க."

சுவரில் மணி நாலு அடித்தது. அடுப்பில் விறகு அடுக்கி இருந்தது. கல் குளிர்ந்து கிடந்தது. மாஸ்டர் தன் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். சுடலையாண்டியின் உள்ளங்கையில் வைத்தார்.

"நேரமாச்சு அண்ணாச்சி. கல்லப் பத்த வைங்க."