பென்ஷனை ஓடாக்கிய மூவர்

உலகத்தில் புத்தியைப் பங்கு போட்டபோது கொட்டாங்குளத்துக்காரர்கள் தூங்கிவிட்டார்கள் என்று பக்கத்து ஊரில் சொல்வார்கள். சுத்தப் பொய். விழித்துத்தான் இருந்தார்கள். யாரோ வரிசையில் நிற்கச் சொன்னார்கள். பங்கு முடிந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

அந்த ஊரில் எசக்கி, சுடலைமுத்து, கொம்பையா என்று மூன்று பேர். ஒரே நூல் மில்லில் வேலை பார்த்தவர்கள். மில்லை மூடிவிட்டார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பென்ஷன் வந்தது. போதாததற்கு, வேலை போனவர்களுக்கு உதவித்தொகை தருவதாக அரசாங்கமும் அறிவித்தது. மூவருக்கும் தலைகால் புரியவில்லை.

எசக்கிக்கு மட்டும் ஒரு துக்கம். வீட்டுக் கூரை ஒழுகியது. "ஓடு மாத்துன பெறவு சொல்லி அனுப்பும், வாரேன்" என்று மனைவி பேச்சியம்மாள் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் இல்லாமல் எசக்கிக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்குச் சமைக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

உதவித்தொகை அலுவலகத்தில் தணிகாசலம் என்ற அதிகாரி பொறுமையாகச் சொன்னார்: "பென்ஷன் எவ்வளவு வருதோ, அவ்வளவை உதவித்தொகையில கழிச்சிட்டு மிச்சம்தான் தருவோம்."

மூவரும் மூடிய மில் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தார்கள். ஷிப்ட் நேரத்துக்கு அங்கே போய் உட்காராவிட்டால் அவர்களுக்கு இன்னும் மூளை ஓடாது.

"என் பென்ஷன் என்கிட்ட இருந்தாத்தானவே கழிப்பாரு?" என்றான் சுடலைமுத்து. "என்னோடதை எசக்கிக்குத் தாரேன். எசக்கி, உன்னோடதை கொம்பையாவுக்குக் குடு. அவன் எனக்குத் தரட்டும்."

கொம்பையாவுக்குப் புல்லரித்தது. "அப்போ ஒருத்தன்கிட்டயும் அவனவன் பென்ஷன் இருக்காது!"

மறுநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்கள்.

"சார், என் பென்ஷன் என்கிட்ட இல்ல" என்றான் எசக்கி.

"மடியில இருக்கறது என்னய்யா?"

"அது சுடலைமுத்துவோடது சார். அடுத்தவன் காசை நீங்க எப்படிக் கழிக்கலாம்?"

தணிகாசலம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அது சரிப்படாது என்று திருப்பி அனுப்பினார்.

காசாக வைத்திருப்பதுதான் தப்பு என்று மூவரும் முடிவு கட்டினார்கள். மூன்று பென்ஷனுக்கும் சேர்த்து எசக்கி வீட்டுக்கு ஓடு வாங்கி, வண்டியோடு அலுவலக வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

"நல்லாத் தேடிப் பாருங்க சார். இதுல எங்கயாவது பென்ஷன் இருக்கா? எல்லாம் ஓடு."

"செலவழிச்சாலும் வந்தது வந்ததுதான்யா! கழிச்சிட்டுத்தான் தருவேன். அந்த மிச்சத்தையாவது காப்பாத்திக்கங்க. மாசத்துல ஒரு நாள் வேலை செஞ்சாலும் அந்த மாச உதவித்தொகை முழுசும் நின்னுபோகும். நானே நேர்ல வந்து பார்ப்பேன்."

வண்டிக்காரர் ஓடுகளை எசக்கி வீட்டு முற்றத்தில் இறக்கினார். அவருக்கு வேலை இருந்தது, அதனால் பயமில்லை. மற்ற மூவரும் ஓடுகளைச் சுற்றி நின்றார்கள்.

"கொத்தனார் ஓடு போட்டா அது வேலையா, இல்லையா?" என்றான் சுடலைமுத்து.

"வேலைதான்."

"நாம போட்டா?"

எசக்கிக்கு அழுகை வந்துவிட்டது. கூலிக்கு ஆள் வைக்கலாம் என்றால் பென்ஷன் பூராவும் ஓடாகிக் கிடக்கிறது.

கொம்பையாதான் வழி கண்டுபிடித்தான். "கூரையில போட்டாத்தானே வேலை? தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டா? குடை பிடிக்கிறதை எவனும் வேலைன்னு சொல்ல மாட்டான்."

அடுத்த வாரம் மழை கொட்டியது. சொன்னபடியே சோதனைக்கு வந்த தணிகாசலம், வீட்டுக்குள் மூன்று பேர் தலைக்கு மேல் ஆளுக்கொரு ஓட்டைப் பிடித்தபடி வரிசையாக உட்கார்ந்திருப்பதைக் கண்டார்.

"என்னய்யா பண்றீங்க?"

"ஒண்ணுமே பண்ணல சார்! சத்தியமா!"

"அட, மேல ஏறிப் போட்டுத் தொலைங்களேன். சொந்த வீட்டைச் சரிபண்றதை நான் வேலைன்னு எழுத மாட்டேன்."

"சோதிக்காரு. ஏமாந்திராதே" என்று சுடலைமுத்து கிசுகிசுத்தான். பிறகு பணிவாக, "இந்த வீட்டுல வேலையில இருக்கிறவர் நீங்க ஒருத்தர்தான் சார்" என்றான்.

தணிகாசலத்தின் சட்டைக் காலருக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கோபத்தில் வேட்டியை மடித்துக் கட்டினார். பையைக் கீழே வைத்தார். தானே ஏணியைச் சாத்தி, தானே ஓடுகளைச் சுமந்து ஏறி, மழை விட்ட பிறகும் விடாமல் எல்லாவற்றையும் மாற்றி முடித்தார். ஏணியைப் பிடிக்க ஆளில்லாததால் அவர் இறங்குவதற்குள் அது சரிந்து விழுந்தது.

"ஏணியைத் தூக்கி வைங்கய்யா!"

மூவரும் கூடிப் பேசினார்கள். "ஏணி தூக்குறது வேலை இல்லன்னு எழுதிப் போடுங்க சார், வைக்கோம்."

"காகிதம் பைக்குள்ள இருக்கு! பையை எடுத்து வீசுங்க!"

மறுபடியும் கூடிப் பேசினார்கள். "பை தூக்குறதும்..." என்று இழுத்தான் கொம்பையா.

கொட்டாங்குளத்தில் ஓர் அதிகாரி கூரைமேல் உட்கார்ந்து சத்தம் போடுகிற செய்தி அக்காள் ஊர்வரை போனது. சாயங்காலம் பேச்சியம்மாள் தலையில் பெரிய மூட்டையோடு வந்து நின்றாள். புது ஓடுகளைப் பார்த்தாள். முகம் மலர்ந்துபோனது.

எசக்கிக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"அழுதது போதும். கழுத்து வலிக்கி, இந்த மூட்டையைக் கொஞ்சம் இறக்கி விடும்."

எசக்கி ஓடிப்போய் அவள் எதிரே நின்றான். கூரையை அண்ணாந்து பார்த்தான். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"சார் பாக்காரு, பேச்சி. மாசம் முடியட்டும். அதுவரைக்கும் அப்படியே நில்லு."